யாழ்ப்பாணத்துக்குப் புதுசு, கூடவே ஒரு நாயும்: எங்கே சாப்பிடலாம், எங்கே உலாவலாம்?

மலையகத்தான்

வணக்கம். வேலை மாற்றத்தில் அடுத்த மாதம் பதுளையிலிருந்து யாழ்ப்பாணம் வருகிறோம். கொக்குவிலில் வீடு பார்த்தாயிற்று. நாய் இருக்கிறது என்றதுமே பல வீட்டுக்காரர்கள் பேச்சை மாற்றினார்கள். கடைசியில் ஒரு பெரியவர்தான் "வளவைக் கிளறாமல் பார்த்துக்கொண்டால் சரி" என்று சம்மதித்தார்.

நான் எதையும் சாப்பிடுவேன், மனைவி சுத்த சைவம். நாய் லாப்ரடோர், நாலு வயது, பெயர் பூரி. குளிரில் வளர்ந்தது. இரண்டு வேளையும் நடக்காவிட்டால் வீட்டில் ஒரு செருப்பு மிஞ்சாது. கேள்விகள் இவைதான்: சம்பளக்காரனுக்குக் கட்டுப்படியாகும் நல்ல சாப்பாட்டுக் கடைகள் எவை? சனி, ஞாயிறில் எங்கே போவீர்கள்? நாயைக் கூட்டிக்கொண்டு போகக்கூடிய இடங்கள் உண்டா? நாயோடு உட்காரவிடும் காப்பிக் கடைகள் கொழும்பில் இருப்பதாகச் சொல்கிறார்கள். அங்கேயும் அப்படி ஏதாவது?

கொக்குவில் ஸ்டேஷனடி

வாங்கோ அண்ணை. கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். நாயோடு உள்ளே போய் மேசையில் இருந்து தேத்தண்ணி குடிக்கிற கடையைத் தேடி இங்கே மினக்கெடாதீர்கள். பெரிய ஹோட்டல்களுக்கும் முதலில் போன் பண்ணிக் கேட்காமல் போகவேண்டாம். இது பார்சல் ஊர். சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு காற்றுப் பிடிக்கிற இடத்துக்குப் போனால் உங்களுக்கும் நிம்மதி, பூரிக்கும் நிம்மதி.

மனைவிக்குக் கவலையே இல்லை. பெரிய கடைப் பக்கம் மலாயன் கஃபேயில் வாழையிலைச் சாப்பாடு. நல்லூர்க் கோவிலடியில் மாங்கோஸ் இருக்கிறது. அங்கே தோசை நன்றாக இருக்கும், இரவில் ஆட்கள் கூட. என்னைக் கேட்டால் முதல் கிழமையே பக்கத்துத் திருநெல்வேலியில் இருக்கிற அம்மாச்சி உணவகத்துக்குப் போங்கள். பெண்கள் கண்முன்னே சுட்டுத் தருவார்கள். தோசை, குரக்கன் ரொட்டி, உளுந்து வடை, விடியப் போனால் இலைக்கஞ்சி. விலையும் கையைக் கடிக்காது.

மச்சம், அதாவது மீன், இறைச்சி, வேண்டுமென்றால் பின்னேரம் பரமேஸ்வராச் சந்தியைச் சுற்றிப் பாருங்கள். பல்கலைக்கழகப் பெடியள் சாப்பிடுகிற பக்கம், அவர்களுடைய பையைப் பார்த்துத்தான் விலை வைப்பார்கள். கொத்து ரொட்டி, புட்டும் ஆட்டிறைச்சிப் பிரட்டலும், தேத்தண்ணியோடு மிதிவெடி என்கிற பெரிய ரோல்ஸ் ஒன்று. ஒன்று மட்டும்: வீட்டுக்காரப் பெரியவர் சைவக்காரர் என்றால் வெள்ளிக்கிழமையில் இறைச்சிப் பார்சலை அவர் வாசல் வழியாகக் கொண்டுபோகாதீர்கள். வாயால் ஒன்றும் சொல்லமாட்டார். அடுத்த வருடம் வீட்டு ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது தெரியும்.

பாசையூர் நண்டு

நண்டைப் பற்றி ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லையே! யாழ்ப்பாணத்து நண்டுக் கறி என்று வெளியூர்க்காரருக்குப் பெரிய விலை போட்டு விற்கிற இடங்கள் இப்போது கூடிவிட்டன. நீங்கள் இங்கே குடியிருக்க வருகிறீர்கள், சுற்றுலாவுக்கு அல்ல. விடிய பாசையூர் அல்லது குருநகர்ச் சந்தைக்கு வாருங்கள். களங்கண்டி வலையில் பட்ட நண்டு காலை ஆட்டிக்கொண்டே இருக்கும். தூக்கிப் பாருங்கள்; உருவத்துக்குப் பாரம் இல்லையென்றால் உள்ளே சதை இல்லை, வைத்துவிடுங்கள். அடிப்பக்கம் அமுக்கினால் நெகிழக்கூடாது. வீட்டில் மிளகாய்த்தூளும் முருங்கையிலையும் இருந்தால் மீதியைப் பக்கத்து வீட்டு அக்கா சொல்லித் தருவா.

கூழ் குடிக்க ஆசை என்றால் கடையில் கேட்காதீர்கள், ஆரும் கூப்பிடும்வரை பொறுங்கள். ஒடியல் மா (காய்ந்த பனங்கிழங்கு மா), நண்டு, இறால், மீன், மரவள்ளி, பயற்றங்காய், பலாக்கொட்டை எல்லாம் போட்டுப் பெரிய பானையில் காய்ச்சி, பலா இலையைக் கோலி ஈர்க்குக் குத்தி அதில் குடிப்பது. நாலு பேருக்கென்று காய்ச்சினால் எடுபடாது. மனைவிக்குச் சைவக் கூழும் உண்டு, ஆனால் அதைக் கூழ் என்று நான் ஒப்புக்கொள்வதில்லை.

நண்டுக் கோதை நாய்க்குப் போட்டுவிடாதீர்கள், தொண்டையில் குத்தும்.

சுண்டுக்குளி அக்கா

தம்பி, நான் இந்த ஊரில் நாய்களோடு காலம் தள்ளுகிறவள். இங்கே நாய்க்கு எந்த இடம் என்பது இரண்டாவது, எந்த நேரம் என்பதுதான் முதலாவது. காலை ஆறரைக்குள் நடையை முடியுங்கள். பிறகு பின்னேரம் ஐந்தரைக்கு மேல். பங்குனி, சித்திரையில் அதையும் தள்ளிப் போடவேண்டி வரும். புறங்கையைத் தார் வீதியில் சில விநாடி வைத்துப் பாருங்கள், உங்களால் பொறுக்க முடியாவிட்டால் அதன் பாதத்துக்கும் முடியாது. பதுளை நாய்க்கு முதல் இரண்டு மூன்று மாதம் கஷ்டமாகத்தான் இருக்கும். லாப்ரடோர் களைத்தாலும் ஓடிக்கொண்டே இருக்கும், நீங்கள்தான் நிறுத்தவேண்டும்.

இடம் என்று பார்த்தால் எனக்குப் பிடித்தது முற்றவெளி. கோட்டைக்குப் பக்கத்து வெளி, விடியற்காலையில் ஓடுகிறவர்கள், பந்தடிக்கிற பெடியள், இரண்டு மாடு, அவ்வளவுதான். அங்கிருந்து கோட்டைச் சுவரோரமாகப் பண்ணைக் கடற்கரை வரை நடக்கலாம். கடல்நீரேரிக் காற்று நன்றாக வரும். கோட்டைக்கு உள்ளே நாயைக் கொண்டுபோக நினைக்கவேண்டாம், அது தொல்லியல் திணைக்களத்தின் இடம். 1618இல் போர்த்துக்கேயர் தொடங்கி, 1658இல் ஒல்லாந்தர் பிடித்துப் பெருப்பித்த கோட்டை. மனைவியும் நீங்களும் இன்னொரு நாள் தனியாகப் போய்ப் பாருங்கள். ஆரியகுளம், சுப்பிரமணியம் பூங்கா, பழைய பூங்கா எல்லாம் பிள்ளைகள் விளையாடுகிற இடங்கள், நாயைத் தவிருங்கள்.

பண்ணையில் பின்னேரம் சுண்டல், வடை, ஐஸ்கிரீம் என்று வண்டிக் கடைகள் நிற்கும். பார்சலைப் பிரித்துச் சாப்பிட வடிவான இடம். ஆனால் அந்த மிச்சத்தைத் தின்ன வருகிற கட்டாக்காலி நாய்களும் அங்கேதான். ஏழு மணிக்கு மேல் அவை ஒரு கூட்டம். எதிரே வருவது வாலை மேலே தூக்கி உடம்பை விறைத்துக்கொண்டு நின்றால் நேராகப் போகாதீர்கள். ஓடவும் வேண்டாம். பூரியை உங்கள் மறுபக்கம் எடுத்து, சங்கிலியைக் கட்டையாகப் பிடித்துக்கொண்டு, வளைந்து விலகிப் போங்கள். குனிந்து கல் எடுப்பதுபோலக் காட்டினாலே இங்கத்தைய நாய்கள் பெரும்பாலும் ஒதுங்கிவிடும். அவை கல் எறி வாங்கியே வளர்ந்தவை, பாவங்கள்.

கொக்குவில், கோண்டாவில், இணுவில் உள் ஒழுங்கைகளில் தோட்ட வெளிகள் நிறைய உண்டு. நடக்க நல்ல இடம், ஆனால் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் மருந்தடித்த நாளில் உள்ளே விடாதீர்கள். காலை நக்கினால் வயிற்றுக்குள் போய்விடும். தோட்டக்காரரைக் கண்டால் நின்று இரண்டு வார்த்தை கதையுங்கள். அடுத்த நாள் அவரே "இண்டைக்கு மருந்து, அங்காலை போங்கோ" என்று கையைக் காட்டுவார்.

நல்லூர் மேற்கு வீதி

அக்கா எல்லாம் சொன்னா, ஒன்றை விட்டுவிட்டா. நல்லூர்க் கோவில் வீதிகளில் நாயைக் கொண்டுவந்து நடத்தவேண்டாம். சட்டம் இருக்கிறதோ இல்லையோ, வெறுங்காலோடு நடந்தும் உருண்டு அங்கப்பிரதட்சிணை செய்தும் கும்பிடுகிற மண் அது. அந்த மண்ணில் நாய் காலைத் தூக்கினால் ஆருக்குத்தான் கோபம் வராது?

ஆடி அமாவாசை கழிந்து ஆறாம் நாள் கொடியேறும். 25 நாள் திருவிழா, ஆவணி அமாவாசையில் தீர்த்தம், முதல் நாள் தேர். அந்த நாட்களில் சுற்றுவட்ட வீதிகளை மூடிவிடுவார்கள், கொக்குவிலிலிருந்து பட்டணம் போகும் வழியை மாற்றவேண்டி வரும். கன வீடுகளில் 25 நாளும் மச்சம் இல்லை. உங்களுக்கு இதைவிடப் பெரிய பொழுதுபோக்கு வருடத்தில் கிடைக்காது: நாதஸ்வரம், தவில், கடைத்தெரு, இரவு முழுக்கச் சனம். உள்ளே போகும்போது ஆண்கள் மேல்சட்டையைக் கழற்றவேண்டும். அர்ச்சனைச் சீட்டு இன்னும் 1 ரூபாய்தான். வெளியே வந்தால் றியோவில் ஐஸ்கிரீம். கோவிலுக்குப் போய்விட்டு ஐஸ்கிரீம் குடிக்காமல் வீடு திரும்பினால் பிள்ளைகள் பேசமாட்டார்கள்.

திருவிழாக் காலத்தில் பூரியை வீட்டுக்குள் கட்டி வையுங்கள். வெடிச் சத்தத்துக்கு வளவு மதிலைப் பாய்ந்து ஓடிய நாய்கள் எங்கள் ஒழுங்கையிலேயே உண்டு. தீபாவளிக்கும் அதே கதைதான்.

ஓய்வுபெற்ற வாத்தியார்

மனிசர் இருக்க நல்ல பூங்கா போதாது என்று நாங்கள் கத்துகிறோம், இங்கே நாய்க்கு இடம் கேட்கிறார்கள். விடியக் கோவிலுக்குச் சைக்கிளில் போக முடியவில்லை, சந்திக்குச் சந்தி நாய் கலைக்கிறது. முதலில் தெருவில் நிற்பவைக்கு ஒரு வழி பண்ணுங்கள்.

சுண்டுக்குளி அக்கா

ஐயா, உங்கள் சைக்கிளைக் கலைப்பது சங்கிலியில் போகிற நாய் இல்லை. குட்டி போட்டதும் சாக்கில் கட்டிச் சந்தையடியில் விட்டுவிட்டுப் போகிறார்களே, அவர்களைக் கேளுங்கள். இயக்கச்சியில் சிவபூமி அறக்கட்டளை தெரு நாய்களுக்கென்று ஒரு சரணாலயம் நடத்துகிறது. ஒருக்கா போய்ப் பாருங்கள். இந்தத் தம்பி ஊருக்கு வரமுதலே விசாரித்துக் கேட்கிறார், அவரிடம் பாய்ந்து என்ன பலன்?

ஓய்வுபெற்ற வாத்தியார்

தம்பியில் எனக்குக் கோபம் இல்லை. வரட்டும். ஆனால் நாய் வெளிக்கிருந்த இடத்தைத் துப்புரவாக்கச் சொல்லுங்கள், கையில் ஒரு பை கொண்டு திரியட்டும். இங்கே ஒருவரும் அதைச் செய்வதில்லை.

கால்நடைக் கந்தோர்

வாத்தியார் சொன்ன பை விஷயம் நூற்றுக்கு நூறு சரி. நான் மிருக வைத்தியத் துறையில் இருக்கிறேன், சில காரியங்களை எழுதிவிடுகிறேன்.

விசர்நாய்த் தடுப்பூசி வருடா வருடம் போடவேண்டும். பதுளையில் போட்ட அட்டையைத் தொலைக்காமல் கொண்டுவாருங்கள். நாயைப் பதிவு செய்வது இலங்கையில் 1901 தொடக்கம் சட்டம். கொக்குவில் நல்லூர்ப் பிரதேச சபைக்குள் வருகிறது, தடுப்பூசி அட்டையோடு அங்கே போய்ப் பதியுங்கள். அக்கம்பக்கத்தில் ஏதாவது முறைப்பாடு வந்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் முதலில் கேட்பதும் அந்த அட்டையைத்தான்.

அடுத்தது உண்ணி. குளிர்ப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் இதைக் கணக்கெடுப்பதில்லை. இங்கே வெயிலுக்கும் பற்றைக்கும் உண்ணி வருடம் முழுக்க இருக்கும், அதனால் வருகிற காய்ச்சலில் நல்ல நாய்கள் போய்ச் சேருகின்றன. நடந்து வந்ததும் காதுக்குள், கழுத்துப் பட்டிக்குக் கீழே, கால்விரல் இடுக்கில் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். மிளகு அளவில் தட்டுப்பட்டால் சாவணத்தால் தோலோடு ஒட்டிய இடத்தில் பிடித்து நேராக இழுங்கள். மண்ணெண்ணெய் பூசுகிற பழக்கத்தைத் தயவுசெய்து பின்பற்றாதீர்கள். நாய் சோர்ந்து, சாப்பாட்டை வெறுத்து, முரசு (பல் ஈறு) வெளிறிப்போனால் ஒரு நாளும் தாமதிக்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

நடையில் உங்களையோ மனைவியையோ தெரு நாய் கடித்தால் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு நேரே யாழ் போதனா வைத்தியசாலைக்குப் போங்கள். சின்னக் கீறல்தானே என்று இருக்கக்கூடாது.

தீவான்

சனி, ஞாயிறு கேட்டீர்கள். பண்ணைப் பாலத்தைத் தாண்டினால் எங்கள் பக்கம். வேலணையில் சாட்டிக் கடற்கரை, பட்டணத்திலிருந்து கிட்ட. குளித்துவிட்டு நல்ல தண்ணியில் கழுவ வசதி உண்டு. காரைநகர்க் கசூரினா, பொன்னாலைப் பாலத்தால் போகவேண்டும். கடல் ஆழமில்லை, கனதூரம் நடந்துகொண்டே போகலாம், அலையும் இல்லை. நீந்தத் தெரியாத மனிசருக்கும் பயந்த நாய்க்கும் அதுதான். ஞாயிறு பின்னேரம் போகவேண்டாம். வான் வானாகச் சனம், பிறகு உடைந்த போத்தல். அதே கடற்கரை செவ்வாய் விடிய வேறொரு ஊர்.

நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் நாயை விட்டுவிட்டுப் போங்கள். நயினாதீவு அம்மன் கோவிலும் நாக விகாரையும் உள்ள தீவு. நெடுந்தீவில் தானாகத் திரிகிற குதிரைகள், நாயைக் கண்டால் கலவரப்படும். குறிகட்டுவானில் படகு ஏறுகிற நெரிசலில் நாயோடு நிற்பதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. நீங்கள் இரண்டு பேரும் போனால் முதல் படகைப் பிடியுங்கள், சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போங்கள். பெருக்கு மரமும் முருகைக்கல் வேலிகளும் பார்த்துவர ஒரு பகல் சரியாக இருக்கும்.

வடமராட்சிக் காற்று

கசூரினா, கசூரினா என்று எல்லாரும் அங்கேயே ஓடுங்கோ, எங்களுக்கும் அதுதான் நல்லது. மணற்காட்டைச் சொல்ல விருப்பமில்லை, ஆனால் தம்பியின் லாப்ரடோருக்காகச் சொல்கிறேன். பருத்தித்துறைக்குத் தெற்கே, மணல் மேடுகள், சவுக்கு மரங்கள், மணலில் பாதி புதைந்த பழைய அந்தோனியார் கோவில். விடிய ஆறு மணிக்கு அங்கே உங்களையும் நண்டு வளைகளையும் தவிர ஒன்றும் இராது. பூரி ஒவ்வொரு வளையையும் மூக்கால் கிண்டிக்கொண்டே அரை மைல் போகும். கடலில் மட்டும் இறக்காதீர்கள். இது திறந்த கடல், வாடைக் காலத்தில் இழுத்துக்கொண்டு போய்விடும். ஐப்பசி, கார்த்திகையில் மழையும் சேரும், அந்தப் பக்கமே வேண்டாம்.

மீனவர் வாடிகள் இருக்கும் கடற்கரை என்றால் சங்கிலியைக் கழற்றவேண்டாம். மணலில் பரப்பியிருப்பது வலை, பாயில் காய்வது கருவாடு. ஒரு நாய் நடுவால் ஓடினால் ஒரு நாள் உழைப்பு போனது. கருவாட்டு வாசத்துக்கு எந்த நாய்தான் சும்மா இருக்கும்?

இன்னொன்றையும் பகிடியாக எடுக்கவேண்டாம். கண்டி வீதியால் கிளிநொச்சிப் பக்கம் போகும்போது முகமாலையடியில் நாய்க்கு மூத்திரம் வருகிறது என்று பற்றைக்குள் இறக்கிவிடாதீர்கள். கண்ணிவெடிப் பலகை கண்டால் வீதியை விட்டு ஓரடி தள்ளவேண்டாம்.

தைப்பொங்கலன்று பின்னேரம் வல்வெட்டித்துறைப் பட்டத் திருவிழாவுக்கு வாருங்கள். கப்பல், பாம்பு, பறவை என்று என்னென்னவோ உருவங்கள் ஏறும். நாய் வேண்டாம். விண் (காற்றில் ஒலிக்கிற நார்) பூட்டிய பட்டம் கூவத் தொடங்கினால் அதுவும் சேர்ந்து ஊளையிடும். திரும்பும் வழியில் பருத்தித்துறைத் தட்டை வடை ஒரு பை வாங்குங்கள், கிழமைக் கணக்கில் கெடாது.

மலையகத்தான்

இவ்வளவு எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லாருக்கும் நன்றி. வாத்தியார் ஐயா, பை எப்போதும் கையில் இருக்கும். மூன்று சந்தேகம். மனைவி வீணை படித்தவர், கச்சேரி எங்கே கேட்கலாம்? படம் பார்க்க நல்ல தியேட்டர் எது? பகல் முழுக்க வெளியே போகும் நாளில் நாயை யாரிடம் விடுவது?

கொக்குவில் ஸ்டேஷனடி

கச்சேரிக்குப் பக்கத்து ஊர் போதும். இணுவில் தவில் வித்துவான்களின் ஊர், கோவில் திருவிழா இரவுகளில் தவில் சமா விடியும்வரை போகும். வீணைக்கு நூலகத்துக்குப் பக்கத்தில் இந்திய உதவியில் கட்டி 2023இல் திறந்த கலாசார மண்டபத்தில் நிகழ்ச்சிகள் வரும், அறிவித்தலைப் பார்த்துக்கொள்ளுங்கள். போகும்போது நூலகத்துக்குள்ளும் ஒருக்கா ஏறி இறங்குங்கள். 1981இல் எரித்து, 2003இல் மறுபடி திறந்த கட்டடம். கூத்துப் பிடிக்கும் என்றால் திருமறைக் கலாமன்றம். 1965 தொடக்கம் இயங்குகிறது.

படத்துக்குக் குளிரூட்டி, பொப்கோர்ன் எல்லாம் வேண்டுமென்றால் ஆஸ்பத்திரி வீதிக் கார்கில்ஸ் ஸ்குவயர். முதல் நாள் முதல் காட்சி, விசில் என்றால் ராஜா தியேட்டர். வருடத்தில் ஒருமுறை யாழ்ப்பாணச் சர்வதேச சினிமா விழா, 2015இல் தொடங்கியது. மற்ற நாட்களில் இங்கே கிடைக்காத படங்கள் அப்போது பார்க்கலாம். பங்குனியில் மத்திய கல்லூரியும் சென் ஜோன்ஸும் மோதுகிற வடக்கின் பெருஞ்சமர், 1904 தொடக்கம் நடக்கிற ஆட்டம். கிரிக்கெட் தெரியாவிட்டாலும் பாண்ட் வாத்தியத்துக்காக வாருங்கள்.

பகலில் நாயை ஒப்படைக்கப் பராமரிப்பு நிலையம் தேடுவதைவிட, அந்த வீட்டுக்காரப் பெரியவரையே பிடியுங்கள். வளவைக் கிளறக்கூடாது என்று சொன்னவர் நாய் பழகியவராகத்தான் இருப்பார். கறுத்தக் கொழும்பான் காலத்தில் பதுளையிலிருந்து தேயிலை ஒரு பொதி கொடுத்தால் மாம்பழமும் வரும், நாயையும் பார்ப்பார்.

பாசையூர் நண்டு

தேயிலையோடு வருகிற ஆளுக்கு நானும் கூழ் காய்ச்சத் தயார்.

சுண்டுக்குளி அக்கா

தம்பி, வந்து சேர்ந்ததும் முதல் கிழமை எங்கேயும் கொண்டுபோகாதீர்கள். வளவுக்குள்ளேயே கிணற்றடி, வேலி, பக்கத்து வீட்டுச் சத்தம் எல்லாம் பழகட்டும். கிணற்றுக்குக் கட்டு உயரமாக இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் மூடி போடவேண்டும். பழைய வளவுகளில் பதிந்த கட்டுத்தான் கூட. பிறகு ஒரு ஞாயிறு விடிய முற்றவெளிக்கு வாருங்கள், நாய்க்காரர் சிலர் அங்கே நிற்போம். தடுப்பூசி அட்டையின் படத்தை மட்டும் முதலே அனுப்பிவிடுங்கள். அட்டை பார்க்காமல் என்னுடையதுகளுக்குப் பக்கத்தில் நான் எந்த நாயையும் விடுவதில்லை.